நகையை அடகு வைத்து நீட் பயிற்சிக்கு அனுப்பலாமா?

கேள்வி: ஐயா, நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் டெய்லராக இருக்கிறேன். சொந்த ஊர் அரூர் பக்கம். அப்பா இல்லை. அம்மா கூலி வேலைக்குப் போகிறார். தங்கை ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள். ப்ளஸ் டூவில் 600-க்கு 538 வாங்கினாள். நீட்டில் 268தான் வந்தது: உயிரியல் 196, வேதியியல் 52, இயற்பியல் 20. விடைக்குறிப்போடு ஒப்பிட்டு எத்தனை சரி, எத்தனை தவறு என்று அவளே எழுதிய தாளையும் இணைத்திருக்கிறேன். ஒரு பயிற்சி மையத்தில் ஹாஸ்டலோடு சேர்த்து 1,40,000 ரூபாய் கேட்கிறார்கள். பாதியை இந்த மாதமே கட்ட வேண்டுமாம். அம்மாவின் நகையை அடகு வைத்தால் கட்டிவிடலாம். மாமா, நர்சிங்கில் சேர்த்துவிடு என்கிறார். பயிற்சிக்குப் போனால் மார்க் ஏறுமா? ஒரு வருஷம் வீணாகிவிடாதா? பெயர் வெளியிட வேண்டாம்.

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் தங்கை இன்னொரு முறை நீட் எழுதலாம். அதற்காக அம்மாவின் நகையை அடகு வைக்க வேண்டாம். இந்த இரண்டையும் நான் உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் அவள் கைப்பட எழுதி அனுப்பிய அந்தத் தாள்தான். தேர்வு எழுதிவிட்டு வருகிற பிள்ளைகளில் பெரும்பாலானோர் மொத்த மார்க்கைச் சொல்லி அழுவார்கள். தன் விடைகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்ப்பவர்கள் மிகக் குறைவு. அதைச் செய்திருக்கிற பெண்ணுக்கு அடுத்த வருஷம் எப்படிப் படிக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பது சுலபம்.

ஆனால் அதற்கு முன்னால் அவசரமான ஒரு வேலை இருக்கிறது. 268 மார்க்கைப் பார்த்ததும், இந்த வருஷம் முடிந்துபோயிற்று என்று நீங்களாகவே முடிவு செய்துவிட்டீர்கள் என நினைக்கிறேன். உங்கள் கடிதத்தில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு பற்றி ஒரு சொல்கூட இல்லை. ஆறாம் வகுப்பிலிருந்து ப்ளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்து நீட்டில் தகுதி பெற்றவர்களுக்காக 2020-ல் தமிழ்நாடு அரசு சட்டம் போட்டுக் கொண்டுவந்த ஒதுக்கீடு அது. எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். மட்டுமல்ல, சித்தா, ஆயுர்வேதம், ஹோமியோபதி இடங்களுக்கும் உண்டு. அதில் தனியார் கல்லூரியின் அரசு ஒதுக்கீட்டு இடம் கிடைத்தாலும் கட்டணத்தை அரசே ஏற்றுக்கொள்கிறது. இந்த ஒதுக்கீட்டில் போட்டி அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குள்தான். அதனால் பொதுப் பிரிவின் கட்-ஆஃப் மார்க்கைக் கேள்விப்பட்டுப் பயந்து விண்ணப்பிக்காமல் இருந்துவிடாதீர்கள். ஒவ்வொரு வருஷமும் எவ்வளவோ கிராமத்துப் பிள்ளைகள் இப்படி இருந்துவிடுகிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு தாங்குவதில்லை. மருத்துவக் கல்வித் தேர்வுக் குழுவின் இணையதளத்தில் இந்த வருஷ விண்ணப்பம் திறந்திருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். சித்தா, ஹோமியோபதிப் படிப்புகளுக்கு இந்திய மருத்துவத் துறை தனியாகக் கலந்தாய்வு நடத்துகிறது. அதற்குத் தனி விண்ணப்பம். இடம் கிடைக்கும் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. ஆனால் விண்ணப்பிக்காமலேயே இடம் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது.

கால்நடை மருத்துவத்தையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு நீட் கிடையாது. ப்ளஸ் டூவில் உயிரியல், இயற்பியல், வேதியியலில் வாங்கிய மார்க்தான் கணக்கு. 2021-ல் கொண்டுவந்த இன்னொரு சட்டத்தின்படி அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீதம் அங்கேயும் உண்டு. 538 வாங்கிய பெண் அந்த விண்ணப்பத்தை விடவே கூடாது. சென்னை வேப்பேரியிலோ நாமக்கல்லிலோ ஒரு கால்நடை மருத்துவ (பி.வி.எஸ்சி.) இடம் கிடைத்து, அவளுக்கும் அதில் விருப்பம் இருந்தால், இரண்டாவது முறை நீட் எழுதும் பேச்சை நான் எடுக்கவே மாட்டேன்.

இதெல்லாம் கைகூடாமல் போனால்தான் உங்கள் கேள்வி வருகிறது. இப்போது அந்தத் தாளைப் பார்ப்போம்.

மொத்தம் 180 கேள்வி. அவள் 157-க்கு விடை குறித்திருக்கிறாள். 85 சரி, 72 தவறு. சரிக்கு நான்கு மார்க் என்பதால் 340 வந்தது. தவறுக்கு ஒன்று வீதம் 72 போனது. மிச்சம் 268. பாடவாரியாகப் பிரித்தால் உயிரியலில் 55 சரி, 24 தவறு. வேதியியலில் 18 சரி, 20 தவறு. இயற்பியலில் 12 சரி, 28 தவறு.

இயற்பியலைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். நான்கு விடைகளில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலே 40 கேள்வியில் சராசரியாகப் பத்து சரியாகிவிடும். அவளுக்குப் பன்னிரண்டு சரி. அப்படியானால் ப்ளஸ் டூவில் படித்த இயற்பியல் இந்தத் தேர்வில் அவளுக்குக் கை கொடுக்கவே இல்லை. பாடம் தெரியாத பெண் என்று இதற்கு அர்த்தம் இல்லை. அவள் படித்த விதம் வேறு, இங்கே கேட்கிற விதம் வேறு.

ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒரு கம்பியை இழுத்து அதன் நீளத்தை இரண்டு மடங்காக்கினால் மின்தடை என்ன ஆகும்? மின்தடை நீளத்துக்கு நேர்த்தகவில் இருக்கும் என்று மனப்பாடமாகத் தெரிந்த பிள்ளை உடனே இரண்டு மடங்கு என்று குறித்துவிடும். அந்த விடையும் நான்கில் ஒன்றாக அங்கே இருக்கும். ஆனால் கம்பியை இழுத்தால் அது மெலியும். நீளம் இரண்டு மடங்கானால் குறுக்குவெட்டுப் பரப்பு பாதியாகிவிடும். அதனால் மின்தடை நான்கு மடங்கு. சூத்திரத்தைத் தருவித்து ஐந்து மார்க் வாங்கத் தெரிந்த அதே பெண் இங்கே நான்கு மார்க்கை இழந்து மேலே ஒன்றையும் பறிகொடுப்பாள். நீட்டுக்கான தயாரிப்பில் பெரும்பகுதி, தெரிந்த சூத்திரத்தை இப்படித் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்க்கிற பழக்கம்தான். அது வருவதற்குக் கணக்குப் போட வேண்டும். வகுப்பில் உட்கார்ந்து கேட்டால் மட்டும் வராது.

பயிற்சிக்குப் போனால் மார்க் ஏறுமா என்று கேட்டிருந்தீர்கள். பயிற்சி செய்தால் ஏறும். எவ்வளவு ஏற வாய்ப்பிருக்கிறது என்று இதே தாளை வைத்துக் கணக்குப் போட்டேன். உயிரியலில் 75 சரி, 10 தவறு என்று வந்தால் 290. வேதியியலில் 25 சரி, 10 தவறு என்றால் 90. இயற்பியலில் 18 சரி, 10 தவறு போதும், 62. கூட்டினால் 442. கூடுதலாக 33 கேள்வி சரியாக வேண்டும். அதில் 20 உயிரியலில். ஏற்கெனவே நன்றாக வருகிற பாடத்தில் இருபது கேள்வி கூட்டுவது ஒரு வருஷத்தில் ஆகாத காரியமே அல்ல. அவளுக்கு இன்னொரு வருஷம் கொடுக்கலாம் என்று நான் சொல்வது இதனால்தான். எல்லாப் பாடத்திலும் இயற்பியல் மாதிரியே மார்க் சிதறிக் கிடந்திருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும்.

442 வந்தால் எம்.பி.பி.எஸ். உறுதியா என்று கேட்காதீர்கள். கேள்வித்தாள் கடினமான வருஷம் கட்-ஆஃப் இறங்கும், எளிதான வருஷம் ஏறும். தேர்வுக் குழுவின் தளத்தில் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் எந்த மார்க் வரைக்கும் இடம் போயிருக்கிறது என்று கடந்த மூன்று வருஷப் பட்டியலையும் எடுத்துப் பாருங்கள். இரண்டாவது முறை எழுதுகிறவர்களுக்கும் அந்த ஒதுக்கீடு உண்டு.

இனி அந்த 1,40,000 ரூபாய். அந்த மையம் நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிய வழி இருக்கிறது. வாசலில் ஃபிளெக்ஸில் சிரிக்கிற பிள்ளைகள் எத்தனை மார்க்கோடு உள்ளே வந்தார்கள் என்று கேளுங்கள். போன வருஷம் 250, 270-ல் சேர்ந்தவர்கள் எவ்வளவு எடுத்தார்கள், அதில் தமிழ் வழிப் பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களில் ஒருவருடைய வீட்டு எண்ணைத் தருவீர்களா என்று கேளுங்கள். ஒரு வகுப்பில் எத்தனை பேர் உட்காருகிறார்கள்? தேர்வு வைத்த பிறகு ஒவ்வொரு பிள்ளையின் தவறையும் தனியாகப் பார்ப்பார்களா, ரேங்க் பட்டியலை ஒட்டிவிட்டுப் போய்விடுவார்களா? பாதியில் நின்றால் பணம் திரும்ப வருமா? 2024 ஜனவரியில் மத்தியக் கல்வி அமைச்சகம் பயிற்சி மையங்களுக்கு வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறையில், முழுக் கட்டணம் கட்டிய மாணவர் இடையில் விலகினால் மீதிக் காலத்துக்கான கட்டணத்தைப் பத்து நாளுக்குள் திருப்பித் தர வேண்டும் என்று இருக்கிறது. அதை எழுத்தில் தரத் தயாரா என்று கேட்டுப் பாருங்கள். தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

இந்தக் கேள்விகளுக்கெல்லாம் நல்ல பதில் வந்தாலும் நகையை வைத்துச் சேர்க்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். வட்டிக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. அம்மாவின் நகை அடகுக் கடையில் இருக்கிறது என்று தெரிந்த பெண்ணுக்கு ஒவ்வொரு மாதிரித் தேர்விலும் அந்த நினைப்புதான் முன்னால் வந்து நிற்கும். ஒரு தேர்வில் மார்க் குறைந்தால் அதை வீட்டில் சொல்ல மாட்டாள். மார்க் குறைவதை வாய்விட்டுச் சொல்ல முடிகிற பிள்ளைதான் இந்த ஒரு வருஷத்தைத் தாங்கும். அந்தச் சுமை இல்லாமலேயே அவளால் தயாராக முடியும்.

அவளுக்கு வேண்டியவை மூன்றுதான்: கையில் புத்தகம், வாரம் ஒரு முழுத் தேர்வு, இயற்பியலுக்கு ஓர் ஆள். புத்தகம் என்றால் பதினொன்று, பன்னிரண்டு வகுப்புகளின் தமிழ்நாட்டுப் பாடநூலும் மத்திய அரசின் என்.சி.இ.ஆர்.டி. புத்தகமும். உயிரியலில் என்.சி.இ.ஆர்.டி. வரிகளை ஒட்டியே நிறையக் கேள்விகள் வருகின்றன. படத்துக்குக் கீழே இருக்கிற சின்ன எழுத்தைக்கூட விட முடியாது. என்.சி.இ.ஆர்.டி. புத்தகங்களை அவர்களுடைய இணையதளத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். பழைய கேள்வித்தாள்களும் இலவசம். நீட் நடத்துகிற தேசியத் தேர்வு முகமையின் தளத்தில் பாடத்திட்டம் இருக்கிறது. 2024 தேர்விலிருந்து சில பகுதிகளை நீக்கியிருக்கிறார்கள், அதனால் பழைய கைடை அப்படியே நம்பிப் படிக்க வேண்டாம். 2021 முதல் 2024 வரை 200 கேள்வி கொடுத்து 180-க்கு விடை கேட்டார்கள். 2025-ல் மறுபடியும் 180 கேள்வி, 180 நிமிடம் என்று மாற்றிவிட்டார்கள். பழைய தாளைப் போட்டுப் பார்க்கும்போது இது நினைவிருக்கட்டும்.

இயற்பியலுக்கு அவளுடைய பள்ளி ஆசிரியரையே போய்ப் பாருங்கள். வாரத்தில் இரண்டு மாலை சந்தேகம் தீர்க்க நேரம் கேட்டால், தன் பள்ளியில் 538 வாங்கிய பெண்ணுக்கு மாட்டேன் என்று சொல்கிற ஆசிரியர் அபூர்வம். அது முடியாவிட்டால் அரூரிலோ தருமபுரியிலோ இயற்பியலுக்கு மட்டும் ஒரு டியூஷன் போடுங்கள். அந்தச் செலவை உங்கள் சம்பளத்திலேயே சமாளித்துவிடலாம். இயற்பியல் முழுவதையும் கட்டிக்கொண்டு அழ வேண்டாம். மின்னோட்டவியல், அணு மற்றும் அணுக்கரு இயற்பியல், குறைக்கடத்தி, ஒளியியல், வெப்ப இயக்கவியல் என்று சூத்திரம் நேரடியாகப் பயன்படுகிற பாடங்களை முதல் நான்கு மாதத்தில் கெட்டிப்படுத்தட்டும். அவளுக்குத் தேவை பதினெட்டுக் கேள்விதான். சுழற்சி இயக்கத்தில் போய் முட்டி மோதி மனம் தளர வேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு முழுத் தேர்வு. தேர்வு நடப்பது அந்த நேரத்தில்தான், அதுவும் மே மாத வெயிலில். சாப்பிட்டதும் கண் சொக்குகிற அந்த நேரத்துக்கு உடம்பைப் பழக்க வேண்டும். ஓ.எம்.ஆர். தாளை ஜெராக்ஸ் எடுத்துக் கருப்புப் பேனாவால் வட்டத்தை நிரப்பியே எழுதட்டும். அதற்கே கணிசமான நிமிடங்கள் போகின்றன என்பது செய்து பார்த்தால்தான் தெரியும். முதலில் உயிரியலை ஐம்பது நிமிடத்தில் முடித்துவிட்டு வேதியியலுக்குப் போகலாம். இயற்பியலைக் கடைசியில் வைத்தால் நேரமும் மிஞ்சும், பதற்றமும் குறையும்.

தேர்வு எழுதுவதைவிடத் திங்கட்கிழமை காலையில் செய்ய வேண்டிய வேலை முக்கியம். ஒரு நோட்டில் ஒவ்வொரு தவறையும் எழுத வேண்டும். பாடமே தெரியவில்லையா, தெரிந்தும் அவசரத்தில் போனதா, குருட்டாம்போக்கில் குறித்ததா என்று பக்கத்திலேயே குறிக்க வேண்டும். அவளுடைய 72 தவறுகளில் எத்தனை எந்த வகை என்று இப்போதே பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஊகத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. நான்கு விடையில் எதுவுமே தெரியாமல் குறித்தால், நூறு கேள்விக்குச் சராசரியாக 25 மார்க்தான் கூடும். நாள் சரியில்லை என்றால் கீழேயும் போகும். இரண்டு விடைகளை உறுதியாகக் கழித்துவிட்டுக் குறித்தால் அதே நூறு கேள்விக்கு 150 மார்க். அதனால் இரண்டைக் கழிக்க முடிந்தால் குறிக்கட்டும், ஒன்றையும் கழிக்க முடியாததை விட்டுவிடட்டும்.

தமிழ் வழிப் பிள்ளை என்பதால் இன்னொன்று. தமிழைத் தேர்ந்தெடுத்தால் கேள்வித்தாளில் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்தே வரும். மொழிபெயர்ப்பில் சந்தேகம் வந்தால் ஆங்கிலத்தில் இருப்பதுதான் இறுதி என்பது விதி. 2018-ல் தமிழ்த் தாளில் 49 கேள்விகளில் பிழை என்று வழக்குப் போனது. 196 கருணை மதிப்பெண் தரச் சொன்னது உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்துவிட்டது. தமிழில் படித்த பிள்ளைகளுக்கு அது பெரிய அநியாயமாகவே எனக்குப் பட்டது, இன்றைக்கும் படுகிறது. ஆனால் அநியாயத்தை எண்ணிக் குமைவதால் மார்க் வராது. தினமும் பத்து கலைச்சொற்களை இரண்டு மொழியிலும் எழுதிப் பழகட்டும். தமிழில் படித்து, குழப்பம் வரும்போது பக்கத்தில் இருக்கிற ஆங்கில வரியைப் பார்த்துச் சரிசெய்துகொள்கிற அளவுக்கு வந்தால் போதும்.

மாமா சொல்வதைத் தட்டிக் கழிக்காதீர்கள். பி.எஸ்சி. நர்சிங் மரியாதையான படிப்பு. வேலைவாய்ப்பும் உண்டு, தமிழ்நாட்டில் ப்ளஸ் டூ மார்க்கிலேயே அரசுக் கல்லூரியில் சேரலாம். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்த பெண் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாயும் வரும். ஆனால் நர்சிங்கில் சேர்ந்துகொண்டே நீட்டுக்கும் படிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வகுப்பு, வார்டு டியூட்டி என்று பகல் முழுக்கப் போய்விடும். அசல் சான்றிதழ்களும் கல்லூரியில் மாட்டிக்கொள்ளும். சேர்ந்தால் மனதோடு சேர வேண்டும். சேராவிட்டால் அடுத்த வருஷமும் இதே ப்ளஸ் டூ மார்க்கை வைத்து விண்ணப்பிக்கலாம். வயது வரம்பை மட்டும் விண்ணப்பக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். ஆகவே ஒரு வருஷம் காத்திருப்பதால் அந்தக் கதவு மூடிவிடாது.

தம்பி, உங்கள் கடிதத்தில் அம்மாவின் நகை வருகிறது, மாமா பேசுகிறார், பயிற்சி மையக்காரர் பேசுகிறார். தங்கை என்ன சொல்கிறாள் என்று ஒரு வரி இல்லை. அவளுக்கு டாக்டர் ஆகத்தான் ஆசையா? இன்னொரு வருஷம் வீட்டில் உட்கார்ந்து படிக்கிற மனநிலை இருக்கிறதா? கூடப் படித்தவர்கள் கல்லூரிக்குப் போகும்போது, ஊரில் கேட்பவர்களுக்கெல்லாம் பதில் சொல்லும் தைரியம் இருக்கிறதா? அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அவளோடு தனியாக உட்கார்ந்து பேசுங்கள். பதிலை அவசரப்படுத்தாதீர்கள். வேண்டாம் என்றால் அது தோல்வி இல்லை என்பதை அண்ணன் வாயால் அவள் கேட்க வேண்டும். வேண்டும் என்றால் டிசம்பர் கடைசியில் ஒரு முறை நிறுத்திப் பார்ப்பது என்று இரண்டு பேரும் இப்போதே பேசிக்கொள்ளுங்கள். அதற்குள் மூன்று முழுத் தேர்வின் சராசரி 360-ஐத் தாண்டியிருந்தால் சரியான பாதையில் போகிறாள். தாண்டவில்லை என்றாலும் நீட் எழுதட்டும், ஆனால் அதோடு மற்ற விண்ணப்பங்களையும் தயாராக வைத்துக்கொள்ள வேண்டும். மூன்றாவது முறை என்ற பேச்சு வேண்டாம் என்பது என் கருத்து.

நடுவில் எப்போதாவது அவள் சரியாகச் சாப்பிடாமல், தூங்காமல், யாரிடமும் பேசாமல் ஒதுங்கினால் படிப்பை ஓரமாக வைத்துவிட்டு நீங்கள் கிளம்பிப் போய்விடுங்கள். 104 என்ற எண்ணிலும் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற எண்ணிலும் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. இரண்டு எண்ணையும் அவளுடைய போனில் இப்போதே பதிந்து வையுங்கள்.

கடைசியாக ஒன்று. 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கு ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை எந்தெந்த அரசுப் பள்ளியில் படித்தாள் என்ற சான்றைத் தலைமை ஆசிரியர் கையொப்பத்தோடு வாங்க வேண்டும். நடுநிலைப் பள்ளியில் இருந்து மேல்நிலைப் பள்ளிக்கு மாறியிருந்தால் இரண்டு பள்ளியிலும் வாங்க வேண்டியிருக்கும். கலந்தாய்வு அறிவிப்பு வந்த பிறகு அலைந்தால் நாள் போதாது. இந்த வாரமே ஒரு நாள் லீவு போட்டுப் போய் வாங்கிவிடுங்கள்.